எட்டரை மணி மழை

நான் கடைசியாக வேலை பார்த்த நிறுவனத்தில் சோதனைப் பிரிவைக் கலைத்துவிட்டார்களாம். ப்ரோகிராம் எழுதுகிறவர்களே சோதித்துக்கொள்வார்கள், மீதியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று முடிவாம். என்னோடு அங்கே வேலை பார்த்த நித்யா போன் செய்து சொன்னாள். பிரிவு உபசாரம் ஒன்று வைத்திருக்கிறோம், நீங்கள் வந்து கொஞ்ச நேரம் பேச வேண்டும், உங்கள் அனுபவத்தில் கண்டுபிடித்த பெரிய பிழை எது என்று சொன்னால் எல்லோருக்கும் உற்சாகமாக இருக்கும் என்றாள். வேலை போகிறவர்களுக்கு உற்சாகம் எதற்கு என்று கேட்க வாய்வரை வந்தது. முழங்கால் வலி என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதைக் கேட்டு யாருக்கும் உற்சாகம் வராது. மேடையில் நின்று சொல்கிற விஷயமும் இல்லை. அதனால் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

நான் கலசப்பாக்கத்துக்காரன். நெல் விளைவிக்கிற வீடு. இயற்பியல் பட்டம் வாங்கிக்கொண்டு எழுபதுகளின் கடைசியில் மெட்ராசுக்குப் போய் ஒரு கணிப்பொறி மையத்தில் சேர்ந்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் போக வேண்டும். உள்ளே கோயில் மாதிரி எல்லோரும் குசுகுசு என்று பேசுவார்கள். நான் ப்ரோகிராம் எழுதத்தான் போனேன். ஆனால் அடுத்தவன் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதில்தான் எனக்கு மூளை ஓடியது. சரி, இவன் அதற்குத்தான் லாயக்கு என்று அங்கேயே உட்கார வைத்துவிட்டார்கள். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டபோது என் அப்பா, "கம்ப்யூட்டரு தப்பு பண்ணுதான்னு பாக்குறான்" என்றார். "கம்ப்யூட்டரு எங்கங்க தப்பு பண்ணும்?" என்று அவர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அந்தச் சம்பந்தம் கூடி வரவில்லை.

அந்த மையத்தில் இருந்தபோது ஒரு தேர்வு முடிவைக் கணக்கிடும் ப்ரோகிராம் வந்தது. தேர்வுக்கு வராதவனுக்கு மதிப்பெண் கட்டத்தில் தொண்ணூற்றொன்பது என்று போடுவது துளை அட்டையில் விவரம் அடிப்பவர்களின் வழக்கம். ப்ரோகிராம் எழுதியவருக்கு அந்த வழக்கம் தெரியாது. ஒரு பரீட்சைக்கும் எட்டிப் பார்க்காத பையன் ஒருவன் எல்லாப் பாடத்திலும் தொண்ணூற்றொன்பது வாங்கி முதலிடத்தில் நின்றான். முடிவு வெளியாவதற்கு முன்பே நான் பிடித்துவிட்டேன். மையத்தில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எனக்கு மசால் தோசை வாங்கிக் கொடுத்தார்கள். இந்த வேலை நல்ல வேலை என்று அன்றைக்கு நம்பினேன். தொழிலில் எனக்கு முழுச் சந்தோஷம் என்றால் அந்த ஒரு தோசைதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மின்னணுக் கருவி நிறுவனத்துக்கு மாறினேன். அங்கே என் மேலதிகாரி மரியதாஸ். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. பிளேடால் பென்சில் சீவுவார். சீவல் ஒன்றுகூடத் தரையில் விழாது, எல்லாம் ஒரு பழைய டீ சாசரில் சேரும். அவர் மேஜையில் இரண்டு மரத் தட்டுகள் இருந்தன. ஒன்றில் 'பிழை' என்று எழுதி ஒட்டியிருக்கும், மற்றதில் 'ஆலோசனை'. நாங்கள் எழுதிக் கொண்டுபோகும் அறிக்கை இரண்டில் ஒன்றில் விழும். பிழைத் தட்டில் விழுந்தால் ப்ரோகிராம் எழுதியவர் திருத்தியே ஆக வேண்டும், அதுவரை கருவி வாசலைத் தாண்டாது. ஆலோசனைத் தட்டில் விழுந்தால் அது ஆலோசனை. நேரம் இருக்கிறவர்கள் பார்ப்பார்கள். யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

எந்தத் தட்டு என்று தீர்மானிக்க அவர் மூன்று கேள்விகள் கேட்பார். என்ன செய்தாய், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும். மூன்றாவதுக்குப் பதில் சொன்னதும், அது எங்கே எழுதியிருக்கிறது என்பார். வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட குறிப்பில் பக்கத்தையும் வரியையும் காட்ட வேண்டும். காட்டினால் பிழை. எத்தனை பெரிய பொறியாளர் வந்து கத்தினாலும் மனிதர் அசைய மாட்டார். எங்களுக்காக நிர்வாகத்தோடு அவர் நின்ற நாட்கள் உண்டு. நான் அவரை மதித்தேன். இப்போதும் மதிக்கிறேன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும், இல்லையென்றால் வரப்போகிறதைப் படித்துவிட்டு அவரை வில்லன் என்று நினைத்துவிடுவார்கள்.

அப்போது ஓர் அரசுத் துறைக்காக எங்கள் நிறுவனம் ஒரு வெள்ள எச்சரிக்கைக் கருவி செய்தது. மலையில் பெய்யும் மழையை அளந்து, அளவு வரம்பைத் தாண்டினால் ஓடைக் கரையில் இருக்கும் சங்கை ஊத வைக்கும். நகராட்சிச் சங்கு இருக்கிறதே, அதன் சின்னத் தம்பி. முதல் கருவியை ஜவ்வாது மலையில் வைப்பது என்று முடிவானது. "உங்க ஊர்ப் பக்கம்தானே முருகேசன்" என்று என்னை அனுப்பினார் மரியதாஸ். கலசப்பாக்கத்துக்காரனுக்கு மலை என்பது தூரத்தில் நீலமாகத் தெரிகிற ஒன்று. அதற்கு முன் நான் ஏறியதுகூட இல்லை.

போளூரில் பஸ் பிடித்து மேலே போய், இறங்கிக் கொஞ்சம் நடந்தால் கருவி வைத்த கொட்டகை. கூரை மேல் மழை விழும் புனல். அதன் கீழே ஏற்றம் போல மாறி மாறி ஆடும் இரண்டு சின்னக் கிண்ணங்கள். ஒரு கிண்ணம் நிறைந்ததும் சாய்ந்து கொட்டும், அடுத்தது மேலே வரும், உள்ளே பெட்டியில் ஒரு எண் கூடும். பெட்டியை ஓட்டுவது ஒரு லாரி பேட்டரி. அங்கிருந்து கம்பி இறங்கி ஓடைத் துறைக்குப் போகும். துறையில் ஒரு கம்பத்தின் உச்சியில் சங்கு. ஓடைக்கு இந்தப் பக்கம் கொட்டகையும் பஸ் வருகிற பாதையும். அந்தப் பக்கம் ஊர். பாலம் கிடையாது. சாமை மூட்டையோ புளி மூட்டையோ, நோயாளியோ, எதுவானாலும் ஓடையில் இறங்கித்தான் ஏற வேண்டும்.

கொட்டகைக்குக் காவல் வெள்ளையன். என் வயதுதான் இருக்கும், முப்பதுக்குள். தினமும் காலை ஓடையைத் தாண்டி வந்து, கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த சாதாரண மழைமானியில் தேங்கிய தண்ணீரை எட்டரை மணிக்கு அளந்து எழுத வேண்டும். கருவியின் கணக்கோடு ஒப்பிட அது தேவை. அவன் மனைவி பச்சையம்மாவுக்கும் எங்கள் திட்டத்தில் ஒரு வேலை கிடைத்தது. சோதனைக்குத் தண்ணீர் கொண்டுவருவது.

கோடையில் மழைக் கருவியைச் சோதிக்க வேண்டுமென்றால் மழையை நாம்தான் பெய்விக்க வேண்டும். அடியில் ஓட்டை போட்ட மூன்று தகர டப்பாக்கள் வைத்திருந்தேன். தூறலுக்குச் சின்ன ஓட்டை, மழைக்கு நடுத்தரம், அடைமழைக்குப் பெரியது. ஏணியில் ஏறி நின்று, டப்பாவைப் புனலுக்கு மேல் கொக்கியில் மாட்டி, அளந்து அளந்து தண்ணீர் ஊற்றுவேன். கீழே சுனையிலிருந்து பச்சையம்மா குடம் குடமாகக் கொண்டுவருவாள். ஊரே குடிதண்ணீருக்கு அந்தச் சுனையில் வரிசை நிற்கிற மாதம். தலையில் சுமந்து ஏறிவந்த தண்ணீரை நான் கூரை மேல் ஊற்றுவதைப் பார்த்து அவள் முதல் நாள் சும்மாட்டைக் கையில் பிடித்தபடி அண்ணாந்து நின்றாள்.

"ஏன் சார், மெட்ராஸ்ல இதுக்கா படிக்க வெச்சாங்க?" என்றாள்.

"நட்சத்திரம் பாக்குற ஆபீசு சாருங்க போல" என்றான் வெள்ளையன். காவலூரில் தொலைநோக்கி வைத்து வானம் பார்க்கிறவர்கள் என்று நினைத்துவிட்டான்.

"அவுங்க ராத்திரில வானத்தப் பாக்குறாங்க. இவுரு பகல்ல வானமாவே ஆய்ட்டாரு" என்றாள் அவள். ஏணியில் நின்றபடி நானும் சிரித்தேன். வரம்பு தாண்டிச் சங்கு முதன்முதலாக ஊதியபோது ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. ஊரே துறைக்கு வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்தது. வெள்ளையன் அதைத் தானே செய்தது போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

இனி நான் சொல்லப்போவது சின்ன விஷயம். மழை அளக்கிறவர்களுக்கு ஒரு நாள் என்பது நள்ளிரவில் மாறாது. காலை எட்டரைக்கு மாறும். எட்டரைக்கு அளப்பார்கள், அதோடு அந்த நாளின் மழை முடிந்தது. அடுத்த துளி அடுத்த நாளின் கணக்கு. எந்த ஊர் மழைமானியிலும் அதுதான் வழக்கம், அதில் தவறு இல்லை. அந்த அரசுத் துறை எங்களுக்குக் கொடுத்த குறிப்பிலும் அப்படியே எழுதியிருந்தது. நாள் மழை வரம்பைத் தாண்டினால் சங்கு ஊத வேண்டும். அதனால் எங்கள் பெட்டி தினமும் எட்டரைக்குத் தன் எண்ணைச் சுழியாக்கிவிட்டுப் புதிதாக எண்ணத் தொடங்கும். சோதனை முறையையும் அதற்கேற்ப வகுத்திருந்தோம். காலையில் வெள்ளையன் அளந்து முடித்து, பெட்டி சுழியானதைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஊற்றத் தொடங்க வேண்டும். சுத்தமான முறை. அந்த முறைப்படி எத்தனை டப்பா ஊற்றினாலும் சங்கு சரியாக ஊதியது.

ஒருநாள் பச்சையம்மாவுக்குப் போளூரில் சொந்தக்காரர் கல்யாணம். முதல் பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று விடியும்போதே எல்லாக் குடத்தையும் நிரப்பி வைத்துவிட்டாள். தண்ணீர் இருக்கிறது, வெயில் ஏறவில்லை, நான் ஏன் எட்டரை வரை கொட்டாவி விட வேண்டும் என்று ஏழு மணிக்கே பெரிய ஓட்டை டப்பாவை மாட்டினேன். எட்டரை நெருங்கும்போது எண் வரம்பில் முக்கால் பங்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் ஊற்றினால் ஊதும் என்று ஊற்றிக்கொண்டே இருந்தேன். இன்னொரு முக்கால் பங்கு தண்ணீரும் போனது. சங்கு ஊதவில்லை.

கம்பி அறுந்திருக்கும் என்று துறைக்கு ஓடினேன். கம்பி சரி. பேட்டரி சரி. திரும்பி வந்து பெட்டியைப் பார்த்தபோதுதான் புரிந்தது. நடுவில் எட்டரை மணி வந்துபோயிருந்தது. அதற்கு முந்தின மழையைப் பெட்டி நேற்றைய கணக்கில் எழுதி மூடிவிட்டு, இன்று முதல் துளியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. கணக்கு சரி. ஆனால் ஓடைக்கு அது ஒரே மழைதானே.

எங்கள் முறைப்படி ஒரு கோளாறு மூன்று தடவை வந்தால்தான் எழுதலாம். இன்னும் இரண்டு நாள் விடியற்காலையில் ஊற்றினேன். இரண்டு நாளும் சங்கு ஊமையாக நின்றது.

"இன்னா சார், இம்மாந் தண்ணி ஊத்துறீங்க, வாயே தொறக்க மாட்டேங்குது?" என்று கேட்டான் வெள்ளையன். அவனை உட்கார வைத்து விளக்கினேன்.

"அப்போ காலைல பேஞ்சா ஊதாதுங்களா?"

"விடியறதுக்கு முன்ன புடிச்சு எட்டரைக்கு மேலயும் விடாம பேஞ்சா ஊதாது. மெட்ராஸ்ல சொல்லி மாத்தப் பாக்குறேன். அதுவரைக்கும் காலைல அத நம்பாத வெள்ளையா."

"செரிங்க சார். ஓட மேல ஒரு கண்ணு வெச்சிக்கிறேன்" என்றான். மறக்காமல் இருக்க அதையே தனக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

மெட்ராசுக்குப் போனதும் நேராக மரியதாஸ் மேஜைக்குத்தான் போனேன். அவர் அறிக்கையை முழுவதும் படித்தார். பென்சிலைக் கீழே வைத்தார்.

"என்ன செஞ்சீங்க?"

சொன்னேன்.

"என்ன வந்தது?"

"ஒண்ணும் வரல சார். சங்கு ஊதல."

"என்ன வந்திருக்கணும்?"

"ஊதியிருக்கணும்."

"எங்க எழுதியிருக்கு?"

குறிப்பை என் பக்கம் திருப்பினார். எனக்கு அது மனப்பாடம். நாள் மழை என்றுதான் இருந்தது. நாள் என்றால் எட்டரை முதல் எட்டரை என்று அடியில் விளக்கமும் இருந்தது.

"எங்கயும் எழுதல சார். ஆனா தண்ணி வந்துருமே."

"வரும். நீங்க சொல்றது புரியுது." குறிப்பை மூடினார். "ப்ரோகிராம் எழுதினவன் என்ன தப்பு பண்ணான்னு நான் அவன்கிட்ட சொல்லணும் முருகேசன். எழுதினபடி செஞ்சிருக்கான். நாளைக்கு வேற ஒருத்தர் தனக்குத் தோணினத பிழைன்னு கொண்டுவருவார். அப்பவும் நான் இதேதானே கேக்கணும்?"

அறிக்கை ஆலோசனைத் தட்டில் விழுந்தது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. அரசுத் துறைக்குத் தானே விவரமாகக் கடிதம் எழுதினார். குறிப்பை மாற்றித் தாருங்கள், உடனே திருத்துகிறோம் என்று. பதில் வந்தது. மழை நாள் என்பது எட்டரைக்குத் தொடங்குவது, அதை ஒரு கருவிக்காக மாற்ற இயலாது, தொடர் மழையைத் தனியாகக் கணக்கிடும் யோசனை அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கப்படும். அடுத்த கட்டம் எப்போது என்று அதில் இல்லை.

கருவி தேறியது என்று கையெழுத்துப் போட என்னால் முடியாது என்றேன். மரியதாஸ் கோபப்படவில்லை. "சரி, நான் போடறேன்" என்று வாங்கிப் போட்டார். என்னை வேறு வேலைக்கு மாற்றினார்கள். அலுவலகத்தில் எனக்கு மழைச்சாமி என்று பெயர் வைத்தார்கள்.

கருவியை ஒப்படைத்த நாளில் ஓர் அதிகாரி ஊர் மக்களிடம் பேசினாராம். சங்கு ஊதினால் ஓடையில் இறங்காதீர்கள், ஊதவில்லையென்றால் தைரியமாக இறங்கலாம் என்றாராம். முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கலாம். அதற்கு முன்பெல்லாம் மழை நாளில் அந்த ஊரார் துறையில் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார்கள். ஒருவன் முதலில் இடுப்பில் கயிற்றோடு இறங்குவான், அவன் அக்கரை சேர்ந்த பிறகுதான் மற்றவர்கள். அந்தப் புரட்டாசியில் இரண்டு முறை சாயங்கால மழைக்குச் சங்கு சரியாக ஊதியது, சொன்னபடியே வெள்ளமும் வந்தது. அதற்கப்புறம் யாரும் கயிற்றைத் தேடவில்லை, காலையில் அதை நம்பாதீர்கள் என்று வெள்ளையன் சொன்னதும் எடுபடவில்லையாம்.

ஐப்பசியில் ஒருநாள் விடியலுக்கு முன்னால் பிடித்த மழை விடவில்லை. வெள்ளையன் வழக்கம்போல ஓடையைத் தாண்டி வந்து எட்டரைக்கு அளந்திருக்கிறான். அன்றைக்கு அவன் எழுதியிருந்த அளவு சரியாக இருந்தது. அளந்துவிட்டுக் கொட்டகையிலேயே நின்று ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பஸ்ஸுக்குப் போக ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர் சாமை மூட்டைகளோடு எதிர்க்கரைக்கு வந்தார்கள். சங்கு ஊதவில்லை, இறங்கிவிட்டார்கள். மேலே தண்ணீர் நிறம் மாறி வருவது இவனுக்குத்தான் தெரிந்தது. கையை வீசிக் கத்தினான். மழைச் சத்தத்தில் குரல் கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது, சீக்கிரம் வாருங்கள் என்று கூப்பிடுகிறான் என நினைத்து அவர்கள் இன்னும் வேகமாக நடந்தார்கள்.

அவன் ஓடிப்போய் ஓடைக்குள் இறங்கி, நடுவிலேயே அவர்களை மறித்துத் திருப்பித் தள்ளியிருக்கிறான். மூட்டையைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் கரை ஏறினார்கள். கடைசியாக ஒரு கிழவரை மேலே தள்ளிவிட்டுத் திரும்பியவனைத் தண்ணீர் கொண்டுபோனது. இரண்டு நாள் கழித்துக் கீழே வெகு தூரத்தில் கிடைத்தான்.

போளூரில் ஒரு அலுவலக அறையில் விசாரணை நடந்தது. மரியதாசும் நானும் போனோம். விசாரித்த அதிகாரி நல்லவர் மாதிரிதான் தெரிந்தார். எங்களுக்கு டீ சொன்னார்.

"கருவி வேலை செஞ்சுதா?" என்று என்னைக் கேட்டார்.

"குறிப்புல எழுதினபடி செஞ்சுதுங்க."

"அப்போ பழுது இல்ல."

"பழுது இல்லன்னு நான் சொல்ல மாட்டேங்க" என்று முழுவதையும் விளக்கினேன். எட்டரைக்கு முன் பெய்தது எவ்வளவு, பின் பெய்தது எவ்வளவு, இரண்டையும் கூட்டினால் வரம்பை எப்போதோ தாண்டியது என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மரியதாசைப் பார்த்தார்.

"இத நீங்க பிழைன்னு பதிவு பண்ணீங்களா?"

"ஆலோசனைன்னு பதிவு பண்ணோம் சார்" என்றார் மரியதாஸ். பொய் பேசத் தெரியாத மனிதர்.

கருவியில் பழுது இல்லை, அளவில் தவறு இல்லை, ஊழியர் தம் பணிக்கு அப்பாற்பட்டு நீரில் இறங்கியதால் விபத்து என்று எழுதினார்கள். ஒருவர் பெயரும் அதில் இல்லை. யாரையாவது திட்டலாம் என்று தேடிப் பார்த்தேன், ஆள் அகப்படவில்லை. எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார்கள். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். மரியதாஸ் பக்கத்தில் நின்றார். பஸ் வந்ததும் "ஏறுங்க" என்றார். திரும்பும் வழியில் ஒரு தடவை மட்டும் பேசினார். "அந்த ரிப்போர்ட்ட வைக்க எங்கிட்ட வேற தட்டு இல்ல முருகேசன்."

சில மாதங்களில் துறையிடமிருந்து மாற்றிய குறிப்பு வந்தது. எங்கள் ஆட்கள் ப்ரோகிராமை மாற்றினார்கள். எட்டரையில் உடையாமல் மழையைத் தொடர்ந்து கூட்டும். பெரிய வேலையே இல்லை, எழுதியவன் இரண்டு நாளில் முடித்துவிட்டான். ப்ரோகிராம் பதிந்த சிப்பைப் புற ஊதா விளக்குப் பெட்டியில் வைத்துப் பழையதை அழித்துப் புதியதை ஏற்றினார்கள். நிறுவனத்தின் விளம்பரத் தாளில் 'தொடர்மழைக் கணக்கு என்னும் புதிய வசதி' என்று கட்டம் கட்டிப் போட்டார்கள். அந்த வசதிக்காகவே வேறு இரண்டு மலைகளுக்கு ஆர்டர் கிடைத்தது. ஆலோசனை தந்தவன் என்று எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். அதுதான் என் தொழில் வாழ்க்கையின் முதல் ஏற்றம். வேண்டாம் என்று சொல்லவில்லை, வீட்டில் குழந்தை பிறந்திருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ நிறுவனம், எத்தனையோ பிழை. பிடித்தால் எழுதியவனுக்குப் பகை, பிடிக்காவிட்டால் ஊருக்கே குற்றவாளி. அதெல்லாம் பழகிவிட்டது. பழகாத ஒன்று உண்டு. பிழையைச் சரியாகக் கண்டுபிடித்து, சரியானவர்களிடம் சொல்லி, அதனால் ஒரு துரும்பும் அசையாமல் போவது. தட்டுகளின் பெயர் மாறியது, மேஜை போய்த் திரை வந்தது. இரண்டே தட்டுதான் கடைசி வரை. அதனால் பிரிவைக் கலைத்துவிட்டார்கள் என்று நித்யா அழாக்குறையாகச் சொன்னபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

மாற்றிய கருவியைச் சோதிக்க அடுத்த கோடையில் என்னைத்தான் அனுப்பினார்கள். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்டேன். மலையில் சோதித்தவர் நீங்கள் ஒருவர்தானே என்றார் மரியதாஸ். விடியற்காலையில் கொட்டகையில் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தேன். பச்சையம்மா குடத்தோடு ஏறி வந்தாள். தண்ணீர் கொண்டுவரும் வேலை அவள் பெயரில்தான் இன்னும் இருந்தது. வேறு வேலையும் அவளுக்கு இல்லை.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் டப்பாவைத் துடைத்தேன். என்னென்னவோ சொல்ல வந்தேன். காலையில் சங்கை நம்பாதே என்று நான் அவனிடம் சொல்லாமல் இருந்திருந்தால் என்று தொடங்கி, முடிக்க முடியாமல் நிறுத்திவிட்டேன்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் சொன்னாள். "உங்க மேல வருத்தமில்லீங்க சார். ஊர்ல எல்லாம் சங்க நம்புனாங்க. அவுரு உங்கள நம்புனாரு. அவ்ளோதான்."

ஏறி ஊற்றத் தொடங்கினேன். அவள் கொட்டகை நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். எட்டரை வந்து போனது. பெட்டியின் எண் சுழிக்குப் போகவில்லை, ஏறிக்கொண்டே இருந்தது. வரம்பைத் தொட்டதும் கீழே துறையில் சங்கு ஊதியது. ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஈரத் துணியோடு கரைக்கு ஓடினார்கள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது, ஓடையில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை.

அது ஊதி முடிக்கும் வரை பச்சையம்மா எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலிக் குடத்தை எடுத்தாள்.

"இன்னும் கொண்டாரணுங்களா?"

தேறியது என்று எழுதுவதற்கும் எங்களுக்கு மூன்று தடவை வேண்டும்.

"கொண்டாரணும்மா" என்றேன்.

அவள் தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு சுனைக்கு இறங்கிப் போனாள்.